கல்லுக்குள் பாதி, கண்ணுக்குப் பாதி: மறைந்திருக்கும் புதைபடிவத்தை அடையாளம் காண்பது எப்படி?

2020 அக்டோபரில் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குன்னம் பகுதியில் மண் தோண்டியபோது, உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. சில முழுவதுமாக வெளியே தெரிந்தன. சில பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தன. யாரோ படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டார். "டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன" என்ற செய்தி சில மணி நேரத்தில் எங்கும் பரவியது. ஊர்மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள்.

பின்னர் புவியியல் அறிந்தவர்கள் அவற்றைப் பார்த்தார்கள். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தோடு தொடர்புடைய உருண்டைக் கற்கள் என்றார்கள்.

மாணவர்களே, இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. பார்த்தால் முட்டை போலவே இருக்கும் ஒன்றை முட்டை அல்ல என்று எப்படிச் சொல்ல முடிந்தது? ஒரு பொருளின் பாதி மட்டும் தெரியும்போது மீதிப் பாதியைப் பற்றி எந்தத் துணிச்சலில் பேசுகிறார்கள்? 'எதைப் போல இருக்கிறது' என்று பார்ப்பது ஊகம். 'எந்த முழு உருவம் இருந்தால் இந்தப் பாதி இப்படித் தெரியும்' என்று கேட்பது அறிவியல். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

கடல் இருந்த இடம்

குன்னத்துக்கு அருகில் உள்ள அரியலூர் வட்டாரத்தில் இன்று சிமெண்ட் ஆலைகளும் அவற்றுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்திருக்கின்றன. ஆனால் சுமார் 110 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, டைனோசர்கள் அழிந்த 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்புவரை, கடல் பலமுறை இந்த நிலத்தை மூடியது, பலமுறை பின்வாங்கியது. ஒவ்வொரு முறையும் மணல், சேறு, கிளிஞ்சல், பவளம் ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்தன. கிரெட்டேசியஸ் காலம் என்று இதைச் சொல்கிறோம்.

இந்த இடத்தின் பெருமை புதிதல்ல. மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய கேய், கன்லிஃப் ஆகிய இருவர் சேகரித்த படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்பகுதியின் பாறை அடுக்குகளை வரைபடமாக்கினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற அறிஞர் 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வகத்தில் சேர்ந்து, தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றிப் பெரிய தொகுதிகளாக எழுதி வைத்தார். அந்தத் தொகுதிகளை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அவர்கள் கையில் வந்து சேர்ந்த படிவங்களிலும் உடையாத முழுப் படிவங்கள் சிலவே. எஞ்சியவை துண்டுகளும், பாறைக்குள் பாதி புதைந்தவையும்தான்.

ஏன் பாதி மட்டும் தெரிகிறது?

சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் படிவங்களை வேறு வேறு விதமாக மறைக்கின்றன.

சுண்ணாம்புக்கல் கெட்டியானது. கடலடியில் சேர்ந்த கிளிஞ்சல் தூளும் சுண்ணாம்புச் சேறும் கால்சியம் கார்பனேட்டால் ஒட்டப்பட்டுப் பாறையாகின்றன. உள்ளே இருக்கும் சிப்பியும் கால்சியம் கார்பனேட்தான். அதனால் சுத்தியலால் தட்டினால் பாறையும் சிப்பியும் சேர்ந்தே உடையும். நமக்குக் கிடைப்பது முழுச் சிப்பி அல்ல, அதன் ஒரு வெட்டுமுகம்.

களிமண் மிருதுவானது. மழை பெய்தால் கரையும், படிவங்கள் தாமாகவே வெளியே வந்து விழும். அரியலூர் வட்டாரத்தில் காரை என்ற ஊரருகே உள்ள களிமண் மேடுகளில் மழைக்குப் பிறகு நடந்தால், விரல் அளவுள்ள பெலெம்னைட்டுகள் தரையிலேயே கிடக்கும். இது நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் களிமண்ணுக்குத் தீய குணம் ஒன்று உண்டு. மேலே படியும் மண்ணின் எடையால் அது நசுங்கும். கூடவே உள்ளிருக்கும் ஓடுகளையும் நசுக்கும். மேலும் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். இந்தத் தீய குணம் என்ன இழப்பைத் தந்தது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்ப்போம்.

ஆக, நமக்குக் கிடைப்பது வெட்டுமுகம் அல்லது நசுங்கிய துண்டு. இதை வைத்து அடையாளம் காண நான்கு கேள்விகளைக் கேட்கலாம்.

கேள்வி 1: எந்தத் திசையில் வெட்டுப்பட்டிருக்கிறது?

சமையலறைக்குப் போய் ஒரு வெண்டைக்காயை எடுங்கள். குறுக்காக நறுக்கினால் ஐந்து அறைகள் கொண்ட நட்சத்திரம் தெரியும். நீளவாக்கில் பிளந்தால் கூர்மையான நீண்ட பட்டையும் விதை வரிசையும் தெரியும். வெண்டைக்காயை வாழ்நாளில் பார்க்காத ஒருவரிடம் இந்த இரண்டு துண்டுகளையும் கொடுத்தால், இரண்டும் ஒரே காய் என்று அவர் நம்புவாரா?

பெலெம்னைட் அப்படித்தான். கணவாயின் தூரத்து உறவினரான அந்த உயிரினத்தின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதிதான் நமக்குப் படிவமாகக் கிடைக்கிறது. நீளவாக்கில் துப்பாக்கிக் குண்டு போல இருக்கும். குறுக்கே வெட்டுப்பட்டால் ஒரு வட்டம். அந்த வட்டத்தின் நடுவிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள் போல மெல்லிய இழைகள் வெளிநோக்கிப் பரவும். சாய்வாக வெட்டுப்பட்டால் நீள்வட்டம்.

படிவம் 4, 5 மாணவர்களுக்கு இங்கே ஒரு கணக்கு. ஓர் உருளையைச் சாய்வாக வெட்டினால் கிடைக்கும் நீள்வட்டத்தின் குறுகிய விட்டம்தான் உருளையின் உண்மையான விட்டம். குறுகிய விட்டத்தை நீண்ட விட்டத்தால் வகுத்தால், உருளையின் அச்சுக்கும் வெட்டுத் தளத்துக்கும் இடையிலான கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். பாறையில் தெரியும் நீள்வட்டம் 10 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 10 ÷ 20 = 0.5. அப்படியானால் கோணம் 30 பாகை. பாறையை உடைக்காமலேயே, மறைந்திருக்கும் பகுதி எந்தச் சாய்வில் உள்ளே போகிறது என்று சொல்லிவிட்டீர்கள்!

அம்மோனைட்டுக்கு முறுக்கு நல்ல உதாரணம். தட்டில் வைத்து மேலிருந்து பார்த்தால் சுருள். அதையே நடுவில் பிட்டு உடைந்த விளிம்பைப் பாருங்கள். சுருள் காணாமல் போய்விடும், வரிசையாகச் சில புள்ளிகள் மட்டும் தெரியும். அம்மோனைட்டும் குறுக்கே வெட்டுப்பட்டால் இப்படித்தான் வட்டங்களின் வரிசையாகத் தெரியும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முறுக்கின் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே அளவு. அம்மோனைட் வளர வளர அதன் குழாய் அகலமாகிக்கொண்டே போவதால், நடுவில் சிறியதாகவும் இரு பக்கமும் வெளியே போகப் போகப் பெரியதாகவும் வட்டங்கள் அமையும்.

வெளி விளிம்பில் ஒரு வளைவு மட்டும் தெரிந்தால்? அந்த வளைவின் இரு முனைகளையும் இணைத்து ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டின் நீளம் 80 மில்லிமீட்டர், கோட்டிலிருந்து வளைவின் உச்சிவரை உயரம் 20 மில்லிமீட்டர் என்றால், ஆரம் எவ்வளவு? நீளத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அத்துடன் உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். 6400 ÷ 160 = 40. அத்துடன் 10. ஆரம் 50 மில்லிமீட்டர். சுருள் முழுமையான வட்டம் அல்ல என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் கல்லுக்குள் இருப்பது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அகலமுள்ள அம்மோனைட், விரல்நகம் அளவுள்ளது அல்ல என்று தெரிந்துவிடும்.

கேள்வி 2: கண்ணாடிக் கோடு எங்கே?

ஒரு பொருளை நடுவில் பிரித்தால் இரு பக்கமும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒத்திருக்குமா? அந்தப் பிரிவுக் கோடு எங்கே விழுகிறது என்பது முக்கியம்.

சந்தையில் விற்கும் கெராங் சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடது ஓடும் வலது ஓடும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். கோடு இரு ஓடுகளுக்கும் இடையில் விழுகிறது. ஆனால் ஒரே ஓட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதன் இரு பக்கமும் சமமாக இருக்காது.

பிரேக்கியோபாட் என்ற வேறொரு கடல் உயிரினத்துக்கும் இரண்டு ஓடுகள் உண்டு. பார்த்தால் சிப்பி என்றே நினைப்போம். ஆனால் அதன் மேலோடும் கீழோடும் வெவ்வேறு வடிவம். அதேவேளை ஒவ்வோர் ஓட்டின் நடுவிலும் ஒரு கோடு போட்டால் இடதும் வலதும் சமமாக இருக்கும். ஆகவே ஒரே ஓடு, அதுவும் பாதி புதைந்து கிடந்தாலும், தெரியும் பாதியை மனத்தில் மறுபக்கம் திருப்பிப் போட்டு இது எந்தக் குடும்பம் என்று சொல்ல வாய்ப்பு உண்டு.

ஐந்து பக்கச் சமச்சீர் தெரிந்தால் கடல் முள்ளெலி, கடல் அல்லி, நட்சத்திர மீன் ஆகியவற்றின் கூட்டத்தை நினையுங்கள். நடுவை நோக்கிப் பல மெல்லிய தடுப்புச் சுவர்கள் வந்தால் அது பவளமாக இருக்கலாம்.

இந்த விதிக்கும் விதிவிலக்கு உண்டு. அரியலூரின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா என்ற சிப்பி ஏராளமாகக் கிடைக்கிறது. அதன் கீழோடு கிண்ணம்போல் வளைந்து தடித்திருக்கும். மேலோடு தட்டையான மூடி. இது சிப்பி இனம்தான், ஆனால் கண்ணாடி விதிக்கு அடங்காது. விதிவிலக்கு வரும்போது ஒரே தடயத்தை நம்பக்கூடாது. அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

கேள்வி 3: உடைந்த விளிம்பு என்ன சொல்கிறது?

மாணவர்கள் படிவத்தின் வெளி உருவத்தையே பார்ப்பார்கள். அனுபவசாலிகள் உடைந்த இடத்தை உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். உடைந்தது நமக்கு நட்டம் அல்ல, உள்ளே பார்க்க ஒரு சன்னல்.

கிரைஃபியாவின் தடித்த ஓடு உடைந்தால் புத்தகத் தாள்கள்போல அடுக்குகள் தெரியும். அதே பகுதியில் கிடைக்கும் இனோசெராமஸ் சிப்பி உடைந்தால், ஓட்டின் குறுக்கே செங்குத்தாக நிற்கும் ஊசிகள் தெரியும். இதனால் கை நகத்தளவு துண்டு கிடைத்தாலும் இரண்டையும் பிரித்துவிடலாம். கடல் முள்ளெலி, கடல் அல்லி ஆகியவற்றின் தகடு ஒவ்வொன்றும் ஒரே கால்சைட் படிகம்போல நடந்துகொள்ளும். உடைந்தால் தட்டையான, பளபளக்கும் முகம் தெரியும். எலும்பு என்றால் ரொட்டியில் இருப்பதைப் போன்ற நுண்துளைகள். கல்லான மரம் என்றால் நார்களும் வளையங்களும்.

அம்மோனைட்டின் உள்ளே பல அறைகள் இருக்கும். அறைச்சுவர் வெளி ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு உண்டாகும். அந்தக் கோடு கொத்தமல்லி இலையின் ஓரம்போல நெளிந்து நெளிந்து போனால் அது அம்மோனைட். மென்மையான ஒரே வளைவாகப் போனால் இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸின் உறவினர். அறைகளை இணைக்கும் மெல்லிய குழாய் நாட்டிலஸில் அறைச்சுவரின் நடுப்பகுதியை ஒட்டிப் போகும், அம்மோனைட்டில் சுருளின் வெளி ஓரமாகப் போகும். இரண்டில் ஒன்று தெரிந்தாலே போதும்.

வேதியியலும் உதவும். கால்சியம் கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்தால் நுரைத்துக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்று படித்திருப்பீர்கள். பற்களிலும் எலும்பிலும் இருப்பது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அது மென்மையான அமிலத்தில் எளிதில் கரையாது. அதனால் சுண்ணாம்புக்கல்லுக்குள் பல்லோ எலும்போ இருந்தால், ஆய்வகத்தில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஊறவைத்துப் பாறையை மட்டும் மெதுவாகக் கரைத்து எடுப்பார்கள். ஆனால் சிப்பிக்கு இதைச் செய்தால் பாறையோடு சிப்பியும் போய்விடும். உள்ளே இருப்பது எது என்று ஓரளவு ஊகித்த பிறகுதான் எப்படி வெளியே எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். இப்போது வெட்டாமலேயே உள்ளே பார்க்க சி.டி. ஸ்கேன் கருவியும் உதவுகிறது.

கேள்வி 4: எந்தப் படுகையில் கிடந்தது?

இனி குன்னத்துக்குத் திரும்புவோம். அந்தப் பகுதியில் டைனோசரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அரியலூர் வட்டாரத்தில் டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே 'முட்டை' என்ற ஊகம் கேலிக்குரியது அல்ல, சோதித்துப் பார்க்க வேண்டியது.

முட்டை என்றால் என்னென்ன இருக்க வேண்டும்? முதலாவது, ஓடு. சில மில்லிமீட்டர் தடிமனில், எங்கும் சீராக, மூச்சு விடுவதற்கான நுண்துளைகளோடு இருக்க வேண்டும். இரண்டாவது, அளவு. ஒரே கூட்டில் இட்ட முட்டைகள் ஏறக்குறைய ஒத்த அளவில் இருக்கும். மூன்றாவது, இடம். டைனோசர்கள் நிலத்தில் முட்டையிட்டன. அந்தப் பாறை ஆற்று மண்ணாகவோ பழைய நிலமாகவோ இருக்க வேண்டும்.

கடற்சேற்றில் உருவாகும் உருண்டைக் கற்கள் இந்தச் சோதனைகளில் தேறுவதில்லை. இறந்த உயிரினம் சேற்றில் புதைந்து அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறுகிறது. கார்பனேட் அங்கே படிந்து, சுற்றியுள்ள சேற்றைக் கெட்டியாக்குகிறது. நடுவில் ஓர் அம்மோனைட், சுற்றிலும் உருண்டைக் கல். வெளியே ஓடு இருக்காது. உடைத்தால் கல் மட்டுமோ, நடுவில் சுருளோ தெரியும். அளவுகளும் பெரிதும் சிறிதுமாக இருக்கும். சுற்றிலும் உள்ள படுகையில் கடல் உயிரினங்களே கிடைக்கும்.

உண்மையான டைனோசர் முட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளில் 256 முட்டைகள் கண்டறியப்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. அவை டைட்டனோசார் என்ற நீண்ட கழுத்து டைனோசர்களுடையவை. விட்டம் பெரும்பாலும் 15 முதல் 17 சென்டிமீட்டர். அதே ஆண்டு டிசம்பரில் அந்த மாவட்டத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஒரு கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தெய்வமாக வழிபட்டு வந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைப் படிவங்கள் என்று அறிவியலாளர்கள் கூறினர். ஓரிடத்தில் முட்டை என்று நினைத்தது கல். இன்னோரிடத்தில் கல் என்று நினைத்தது முட்டை. வெளி உருவத்தை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம்.

பத்துமலையில் ஒரு பல்

இதெல்லாம் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் நடந்தது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் பத்துமலை ஏறக்குறைய 400 மில்லியன் ஆண்டுகள் பழமையான சுண்ணாம்புக்கல். ஆனால் பூமியின் வெப்பமும் அழுத்தமும் அந்தப் பாறையை மறுபடிகமாக்கிப் பளிங்காக மாற்றிவிட்டன. அதனால் அக்காலக் கடல் உயிரினங்களின் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

ஆனால் அந்த மலையின் குகைகளில் மிகப் பிற்காலத்தில் வேறொன்று சேர்ந்தது. மண்ணும் கல்துண்டும் எலும்பும் குகைக்குள் அடித்து வரப்பட்டு, சுண்ணாம்பு நீரால் ஒட்டப்பட்டுக் கெட்டியாயின. மலேசிய ஆய்வாளர்கள் அந்தப் படிவுகளில் விலங்குகளின் பற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒராங் ஊத்தானின் பற்களும் இருந்தன. 2013இல் அந்த ஆய்வு வெளியானது.

இன்று ஒராங் ஊத்தான் போர்னியோவிலும் சுமத்திராவிலும் மட்டுமே வாழ்கிறது. தீபகற்ப மலேசியாவிலும் சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி அந்தப் பற்கள்தான். முழு எலும்புக்கூடு தேவைப்படவில்லை. ஒராங் ஊத்தானின் கடைவாய்ப் பல்லில் எனாமல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். கல்லிலிருந்து பல்லின் மேற்பகுதி தெரிந்தாலே அந்தச் சுருக்கங்கள் முக்கியமான தடயம் ஆகிவிடும்.

கைநழுவிப் போன பேருரு

பாதி தெரிந்ததை வைத்து முழுமையைக் கண்டறிவது சில நேரம் காலத்தோடு நடக்கும் போட்டி. அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு என்ற ஊரருகே பிரம்மாண்டமான எலும்புகள் தெரிந்தன. கால் எலும்பு ஒன்றின் நீளம் மட்டும் 2 மீட்டர்! யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் அதற்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பெரும் உடல் கொண்ட பல்லி என்று பொருள்.

முதலில் அது இறைச்சி தின்னும் டைனோசர் என்று விவரிக்கப்பட்டது. பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று வேறு ஆய்வாளர்கள் திருத்தினார்கள். இவ்வளவு பெரிய எலும்பா, கல்லாகிப்போன மரத்தண்டாக இருக்குமோ என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்துக்கும் அடிப்படை உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் இன்றும் கிடக்கிறது.

எலும்பை மீண்டும் எடுத்து உடைந்த விளிம்பைப் பார்த்தால் சந்தேகம் ஒரே நாளில் தீரும். நுண்துளையா, நாரா என்று பார்த்தால் போதும். ஆனால் எலும்பு இல்லை. களிமண் நிறைந்த படுகையில் ஈரத்தாலும் வெயிலாலும் விரிசல் விட்டிருந்த அந்த எலும்புகள், எடுக்கப்பட்ட பின் நொறுங்கிச் சிதைந்துபோயின. எஞ்சியவை அளவுகளும், கோட்டோவியங்களும், சில புகைப்படங்களும்தான். 2022இல் பால், அய்யாசாமி ஆகியோர் அந்தப் பழைய களப் புகைப்படங்களை வெளியிட்டார்கள். அவை நீண்ட கழுத்து டைனோசர் என்ற கருத்துக்கு வலு சேர்த்தன. 2023இல் வந்த ஒரு மதிப்பீடு அதன் எடை 100 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்றது. அப்படியானால் உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் அது ஒன்று. ஆனால் எலும்பு கையில் இல்லாததால் இதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சில புகைப்படங்களும் இல்லாமல் போயிருந்தால் இன்று பேசவே எதுவும் மிஞ்சியிருக்காது.

நீங்கள் செய்யக்கூடியவை

படிவம்போல் ஒன்றைப் பார்த்தால் முதல் வேலை தோண்டுவது அல்ல. பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ வைத்துப் படம் எடுங்கள். அருகிலிருந்து ஒன்று, சுற்றியுள்ள பாறையோடு தூரத்திலிருந்து ஒன்று. இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தெரிவதை மட்டும் வரையுங்கள். மறைந்திருப்பதை வரைய விரும்பினால் புள்ளிக்கோட்டால் வரையுங்கள். கண்டது எது, ஊகித்தது எது என்பது பிறகு குழம்பாது. பின்னர் ஆசிரியர் மூலமாகக் கனிமவள, புவியியல் துறைக்கோ அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்கலாம். லங்காவி போன்ற புவிப்பூங்காக்களிலும் குகைகளிலும் எதையும் பெயர்த்தெடுக்கக்கூடாது. பாறையிலிருந்து பெயர்த்த படிவம் நான்காவது கேள்விக்கான பதிலை இழந்துவிடும்.

பயிற்சி செய்ய மலைக்குப் போகவும் தேவையில்லை. கட்டடங்களில் பதித்திருக்கும் சுண்ணாம்புக்கல் தரைகளையும் தூண்களையும் கவனியுங்கள். சிலவற்றில் வெட்டுப்பட்ட சிப்பி, பவளம், சுருள் ஓடு தெரியும். அமிலச் சோதனையை அங்கே செய்துவிடாதீர்கள், தரை பாழாகும்!

வகுப்பில் செய்ய ஒரு விளையாட்டு. கெராங் ஓடு, சிறு சங்கு, வெண்டைக்காய், முறுக்கு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிளாஸ்டிசினுக்குள் புதையுங்கள். மென்மையானவற்றை ஏதாவது ஒரு கோணத்தில் வெட்டுங்கள். ஓடுகளை ஓரம் மட்டும் தெரியும்படி விடுங்கள். அடுத்த குழுவிடம் கொடுங்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் பாதி மதிப்பெண்தான். எந்தத் திசையில் வெட்டுப்பட்டது, மறைந்த பகுதி எந்தப் பக்கம் போகிறது, எந்தத் தடயத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று விளக்கினால்தான் முழு மதிப்பெண்.